பள்ளிக்கூடத்து நீல மாத்திரை: மூன்று மாத அனுபவம்

காசு கொடுத்து வாங்காத பொருளுக்கு விமர்சனமா என்று கேட்பீர்கள். வாரத்துக்கு ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் கொடுக்கிறார்களே, அந்த நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத்தான் சொல்கிறேன். எனக்குத் திங்கள்சந்தையில் தையல் கடை. மகள் ஒன்பதாம் வகுப்பு.

போன வருடம் அவளுக்கு மாதவிடாய் எட்டு, ஒன்பது நாள் வரை போனது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். அரிசிப் பானைக்குள் கையை விட்டு வெறும் அரிசியை அள்ளி அள்ளி மெல்வாள். "கல்யாணத்தன்னைக்கு மழைதான் மக்ளே" என்று என் அம்மா கேலி செய்வார். அரசு ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்தால் ஹீமோகுளோபின் 9.2. இந்த வயதில் 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். அரிசி மெல்லுகிற ஆசையும் அதில் சேர்ந்ததாம்.

"ஸ்கூல்ல மாத்திரை தருவாங்களேம்மா?" என்றார். அன்று ராத்திரி ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். பதினொரு மாத்திரை. ஈரம் பட்டுப் பிசுபிசுத்து, காம்பஸ் காலெல்லாம் நீலம். முதல் தடவை வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியிருக்கிறது. அப்புறம் மலம் கருப்பாகப் போகவும் பயந்துவிட்டாள். அது சாதாரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நீட்டிவிட்டு "முழுங்கு" என்றால் பிள்ளை முழுங்கிவிடுமா?

டாக்டர் அதே வகை மாத்திரையைத் தினம் இரண்டு வீதம் மூன்று மாதத்துக்கு எழுதினார். ஒன்றில் இரும்பு 60 மில்லிகிராம், கூடவே ஃபோலிக் அமிலம். பூச்சி மாத்திரையும் ஒன்று. ரத்தப்போக்கு ஏன் ஏழு நாளைத் தாண்டுகிறது என்று தனியாகவும் பார்த்தார்கள், அது வேறு கதை.

கஷ்டம் சாயாவில்தான் வந்தது. எங்கள் வீட்டில் சோறு தின்ற கையோடு கட்டஞ்சாயா, அதாவது பால் விடாத டீ, குடித்தாக வேண்டும். இரும்பை உடம்பில் சேர விடாமல் தடுப்பதே அதுதானாம். இப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் எலுமிச்சம்பழச் சாறு கலந்த தண்ணீரில் மாத்திரை. சாயா அதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். என் அம்மாவுக்குத்தான் கோபம். கிழங்கும் சாளை மீன் கறியும் வைத்தால் இவள் கிழங்கை மட்டும் தின்று எழுந்துவிடுவாள். இரும்பு இருப்பது சாளையில், அதனால் பக்கத்தில் உட்கார்ந்து தின்ன வைக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து 11.7. இன்னும் கொஞ்ச நாள் தொடரச் சொல்லியிருக்கிறார். இரும்பு வாடையில் ஏப்பம் வருகிறது, மலச்சிக்கலும் உண்டு. அதற்கு மட்டி வாழைப்பழம்.

மாத்திரைக்கு ஐந்துக்கு நாலு. கொடுக்கிற விதத்துக்கு இரண்டுக்கு மேல் மனசு வரவில்லை. இந்த மாத்திரை முடிந்தால் திரும்பப் பள்ளிக்கூடத்து மாத்திரைதான். மதியம் சாப்பிட்ட பிறகு கொடுங்கள் என்று டீச்சரிடம் கேட்டேன், சரி என்றார். ஜாமெட்ரி பாக்ஸை எதற்கும் வாரம் ஒரு தடவை திறந்து பார்க்கிறேன்.