மருந்துக்கு ஓரிடம், பேச்சுக்கு ஓரிடம்: கோலாலம்பூரில் மனநலச் சிகிச்சைக்கு எங்கே போவது?

வீட்டில் ஒருவருக்கு மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக மனம் வரவில்லை, என்ன என்று கேட்டால் அழுகை. செந்தூலில் இருந்தாலும் சரி, கம்போங் பாண்டானில் இருந்தாலும் சரி, அடுத்து ஆளுக்கொரு யோசனை வரும். கவர்மெண்ட் கிளினிக்குக்குப் போ என்பார் ஒருவர். அங்கே நாள் முழுக்க உட்கார வேண்டும், பிரைவேட்டே நல்லது என்பார் அண்ணன். மாத்திரை எல்லாம் வேண்டாம், கவுன்சலிங் போதும் என்பாள் கல்லூரியில் படிக்கும் பிள்ளை. முதலில் கோயிலில் ஒரு பரிகாரம் பண்ணிப் பார்ப்போம் என்பார் பெரியம்மா.

தெரிந்த குடும்பங்களுக்குத் துணையாக இந்த இடங்களில் எல்லாம் உட்கார்ந்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்தை அரசாங்கத்தில் வாங்குங்கள். கையில் இருக்கும் காசைப் பேச்சுச் சிகிச்சைக்கு வையுங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிரைவேட் மருத்துவருக்கும் மாத்திரைக்கும் மூன்று மாதம் செலவழிக்கிறார்கள், பணம் தீர்ந்ததும் இரண்டையும் நிறுத்திவிடுகிறார்கள்.

இங்கே நான் பேசுவது பெரும்பாலும் மனச்சோர்வு, பதற்றம் ஆகிய இரண்டைப் பற்றித்தான். தேசிய சுகாதார ஆய்வின்படி 2019-இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023-இல் அது 4.6 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேர். காதில் குரல் கேட்பது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று நம்புவது, உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பது போன்றவற்றுக்கு ஒப்பீடெல்லாம் தேவையில்லை. நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கிளினிக் கெசிஹாத்தானும் பெரிய ஆஸ்பத்திரியும்

குடிமக்களுக்கு கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசுச் சுகாதாரக் கிளினிக்கில் கட்டணம் ஒரு ரிங்கிட். மருந்தும் அதற்குள் அடக்கம். ஜிஞ்சாங், பெட்டாலிங் பஹாகியா போன்ற இடங்களில் இருக்கும் இந்தக் கிளினிக்குகளில் இனிப்புநீருக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மட்டும்தான் பார்ப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அங்கே ஒரு கேள்வித்தாள் கொடுத்து மனநிலையைச் சோதிப்பார்கள். குடும்ப மருத்துவ நிபுணர் இருக்கும் கிளினிக்கில் மனச்சோர்வுக்கான மருந்தையே தொடங்கிவிடுவார்கள். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தருவார்கள்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அந்த வரிசையில் நீங்கள் எதற்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பேராக்கில் 1911-இல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயரைச் சொல்லியே பிள்ளைகளைக் கேலி செய்து வளர்ந்த சமூகம் நம்முடையது. மனநலப் பிரிவு என்ற பலகைக்குக் கீழே உட்காரக் கூசும் ஒருவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது எளிது.

குறை என்னவென்றால் நேரம். மருத்துவருக்கு வெளியே பெரும் கூட்டம் காத்திருக்கும். அடுத்த முறை போனால் வேறு மருத்துவர் இருப்பார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். மனம் உடைந்திருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. போகப் பிடிக்காமல் நிறுத்துபவர்கள் பலர் நிறுத்துவது இதனால்தான்.

ஜாலான் பஹாங்கில் உள்ள கோலாலம்பூர் மருத்துவமனை மாதிரியான இடத்தில் நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். கடிதத்தோடு போனாலும் முதல் அப்பாய்ன்ட்மென்ட் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். ஆனால் ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு), பைபோலார் (இருமுனை மனநிலைக் கோளாறு) போன்ற நீண்டகால நோய்களுக்கு இதற்கு ஈடாக எதையும் நான் பார்க்கவில்லை. மருத்துவர் மட்டுமல்ல, செவிலியர், தொழில்வழிச் சிகிச்சையாளர், சமூகநலப் பணியாளர் என்று ஒரு குழுவே இருக்கிறது. மென்தாரி என்ற சமூக மனநல மையங்கள் நோயாளி மறுபடி வேலைக்குப் போகவும் கைகொடுக்கின்றன. ஸ்கிசோஃப்ரினியாவுக்குக் கொடுக்கும் குளோசபைன் என்ற மருந்தைத் தொடங்கினால் முதல் 18 வாரமும் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை வேண்டும். அதையெல்லாம் தனியாரில் செய்துகொண்டு தாக்குப்பிடிக்கும் குடும்பங்கள் மிகக் குறைவு.

பிரைவேட்

வேகம், ஒரே மருத்துவர், அரை மணி நேரமாவது உட்கார்ந்து பேசும் வசதி, சனிக்கிழமை கிளினிக். இவை உண்மையான நன்மைகள். வேலையை விட்டுவிடும் நிலையில் இருப்பவர், இந்த வாரமே ஒருவரைப் பார்த்தாக வேண்டும் என்றால் நானும் பிரைவேட்டுக்குத்தான் போகச் சொல்வேன்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மருத்துவருக்கும் மருந்துக்குமாக ஒரு தடவைக்கு 300 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒருமுறை போனால் ஆண்டுக்கு 3,600. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக இருக்கும் நாட்டில் அது இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். மெடிக்கல் கார்டு இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். பல திட்டங்களில் மனநோய் விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது, முதலில் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்.

இவ்வளவு செலவுக்கும் கிடைக்கும் மாத்திரை எது? செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெடின், எஸ்சிட்டலோபிராம். அரசு மருந்தகத்தில் கொடுப்பதும் இந்த வகைதான். பெட்டியின் நிறம் வேறாக இருக்கலாம், மருந்து ஒன்றே. இவை வேலை செய்யத் தொடங்க இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் மட்டும் தெரியும், நன்மை தெரியாது. அந்த வாரத்திலேயே நிறுத்திவிட்டு, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை முதல் சில வாரம் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் அதிகரித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஓராண்டு தாங்கக்கூடிய இடத்தில் மருந்தைத் தொடங்குங்கள்.

எங்கே போனாலும் ஒரு எச்சரிக்கை. தூக்கம் இல்லை என்று சாதாரண கிளினிக்கில் சொன்னதும் அல்பிரசோலம் மாதிரியான மாத்திரையைக் கொடுத்தால், எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். அது பதற்றத்தைத் தணிக்கும் வேறு வகை மாத்திரை. சில வாரத்துக்கு மேல் போனால் உடம்பு அதற்குப் பழகிவிடும், திடீரென்று நிறுத்தவும் முடியாது. எங்கள் பகுதியில் ஒரு அத்தை பல ஆண்டுகளாக அதையே வாங்கிக்கொண்டிருந்தார். மனச்சோர்வுக்கு ஒரு நாளும் அவருக்குச் சிகிச்சை நடக்கவில்லை.

பேச்சுச் சிகிச்சை

காசு செலவழிக்கத் தகுந்த இடம் இது, ஏனென்றால் அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்காதது மருந்து அல்ல, நேரம். மனநல உளவியலாளர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், ஆனால் கூட்டத்துக்குப் போதவில்லை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று சொல்லப்படும் முறைக்கு வாரம் ஒருமுறை, ஏறத்தாழ 12 முதல் 16 அமர்வுகள் தேவை. நம்மை வாட்டும் எண்ணத்தை எழுதிவைத்து, அது உண்மையா என்று சோதித்து, ஒதுங்கிப்போன வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி செய்வது அதன் அடிப்படை. லேசான மனச்சோர்வுக்கு இது மட்டுமே போதலாம். கடுமையானதற்கு மருந்தும் இதுவும் சேர்ந்தால் பலன் அதிகம். மருந்துபோல் ஓராண்டு இழுக்காது என்பதால், செலவுக்கும் ஒரு முடிவு தெரியும்.

யாரிடம் போகிறீர்கள் என்பதைக் கட்டாயம் பாருங்கள். 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி கவுன்சலர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். மனநல உளவியலாளர்கள் 2016-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் வருகிறார்கள். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. வாழ்க்கைப் பயிற்றுநர் என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. செலவு தாங்காது என்றால் மலேசிய மனநலச் சங்கத்தையும், உளவியல் பட்டப்படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்களின் பயிற்சிக் கிளினிக்குகளையும் முதலில் விசாரியுங்கள்.

இங்கேதான் மொழி குறுக்கே வருகிறது. மாத்திரை மலாயில் எழுதிக் கொடுத்தாலும் வேலை செய்யும். பேச்சு அப்படி இல்லை. தோட்டத்தில் வளர்ந்து இன்று அடுக்குமாடி வீட்டில் இருக்கும் நம் அம்மாக்கள் மனம் சரியில்லை என்று சொல்வதில்லை. நெஞ்சை அடைக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, தலைக்குள் எறும்பு ஊறுகிறது என்பார்கள். மலாய் தெரியும், கடையில் பேசும் அளவுக்கு. இதைச் சொல்லும் அளவுக்கு இல்லை. அதனால் மகள் மொழிபெயர்க்க உட்காருகிறாள். மகள் எதிரில் கணவன் அடித்ததைப் பற்றி எந்த அம்மா பேசுவார்? கடன்காரன் வீட்டு வாசலில் நின்றதைப் பற்றி? அம்மா பாதியை விழுங்குவார், மகள் மீதியில் பாதியை நாகரிகமாக்கிச் சொல்வாள். மருத்துவர் குறிப்பில் ‘தூக்கமின்மை’ மட்டும் ஏறும். இது யார் தவறும் இல்லை, ஆனால் சிகிச்சை நடக்கவில்லை.

அதனால் அப்பாய்ன்ட்மென்ட் எடுக்கும்போதே தமிழ் பேசும் செவிலியரோ மருத்துவரோ இருக்கிறார்களா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள், கேட்டால்தான் வருவார்கள். பேச்சுச் சிகிச்சைக்குத் தமிழ் பேசுபவர் இங்கே கிடைக்காவிட்டால் ஈப்போவிலோ கிள்ளானிலோ பினாங்கிலோ இருப்பவரைக் காணொளி வழியாகப் பாருங்கள். அம்மாவுக்குக் கைபேசியைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, நீங்கள் வெளியே போய்விடுங்கள்.

கோயில்

பெரியம்மாவை நான் எதிர்க்க மாட்டேன். பிரார்த்தனையும், பத்துப் பேரோடு சேர்ந்து நடப்பதும், நேர்த்திக்கடன் செலுத்தியதும் வரும் ஆறுதலும் நிஜமானவை. கோயிலுக்குப் போய்க்கொண்டே கிளினிக்குக்கும் போகலாம். மாத்திரையை நிறுத்தினால்தான் செய்வினை இறங்கும் என்று ஒருவர் சொன்னாலோ, தாயத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்டாலோ அந்த இடத்தை விட்டு எழுந்துவிட வேண்டும். குரல் கேட்கும் இளைஞனை மாதக்கணக்கில் குறி சொல்பவர்களிடம் மட்டும் அலையவிட்டால், பிறகு சிகிச்சை தொடங்கினாலும் குணமாவது கடினமாகிறது.

தைப்பூசக் காலத்தில் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். பைபோலாருக்கு லித்தியம் சாப்பிடுபவர் விரதத்தில் உப்பைக் குறைத்தாலோ, பத்துமலைக்கு நடக்கும்போது வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகலாம். கை நடுங்கினால், நடை தடுமாறினால், வாந்தி வந்தால் அருள் என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவக் கூடாரத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசினால் பாதுகாப்பாக எப்படி இருப்பது என்று சொல்லித் தருவார்.

தொலைபேசி

மனம் விட்டுப் பேச உதவும் தொலைபேசிச் சேவைகள் இரண்டு: பெஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555. இவை சிகிச்சை இல்லை, ஆனால் நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் பெஃப்ரெண்டர்ஸ் எடுப்பார்கள். தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்கு வருமே என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கிய குடும்பங்கள் உண்டு. குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பயம் இனி வேண்டாம். ஆபத்தான நிலையில் இருப்பவர் வர மறுத்தால், 2001-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி உறவினர் விண்ணப்பித்து, மருத்துவர் பரிசோதித்து அனுமதிக்க வழி இருக்கிறது.

மஸ்ஜித் இந்தியா பக்கம் முடிதிருத்தும் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்ய ஊரிலிருந்து வந்திருக்கும் நம் தம்பிகளுக்கு மட்டும் என் கணக்கு பொருந்தாது. வெளிநாட்டவருக்கு அரசுக் கட்டணம் பல மடங்கு. அவர்கள் முதலில் தொண்டு அமைப்புகளையும், ஊரில் இருக்கும் தமிழ் மருத்துவரைக் காணொளியில் பார்ப்பதையும் யோசிக்கலாம்.

இரண்டு இடத்துக்குப் போகும்போது செய்ய வேண்டியவை சில. சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி இருவரிடமும் காட்டுங்கள். நாட்டு மருந்து, மூலிகை எது எடுத்தாலும் அதையும் எழுதுங்கள். உளவியலாளரிடம் ஒரு சுருக்கக் கடிதம் வாங்கிக் கிளினிக் கோப்பில் வைக்கச் சொன்னால், மருத்துவர் மாறினாலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது. பேச்சுச் சிகிச்சையின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பதிவு பெற்றவரிடம் பெற்ற மனநல ஆலோசனைக்கு, முழு உடல் பரிசோதனையோடு சேர்த்து 1,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு கேட்கலாம்.