சுவர் திறந்திருக்கும்போது எதை உள்ளே போடுவது? கேட் 6, கேட் 6ஏ, ஃபைபர், வைஃபை

வீட்டைப் புதுப்பிக்கும்போது சுவரில் காடி வெட்டிய பிறகு, பூச்சு ஏறுவதற்கு முன் கொஞ்ச நாள்தான் இடைவெளி கிடைக்கும். கரண்ட் பாயின்ட், தண்ணீர்க் குழாய் எல்லாம் எங்கே வரும் என்று அதற்குள் முடிவாகியிருக்கும். நெட்வொர்க் வயர் பேச்சு வந்தால் மட்டும் "அதான் வைஃபை இருக்கே" என்று யாராவது சொல்லி முடித்துவிடுவார்கள். இந்த முடிவைத்தான் முதலில் மறுபரிசீலனை செய்யச் சொல்வேன்.

பல வைஃபை பெட்டிகளை வீட்டில் அங்கங்கே வைத்து ஒன்றோடொன்று பேசவிடும் மெஷ் வைஃபையில் சுவரைத் தொட வேண்டாம், பெட்டிகளை நினைத்த இடத்துக்கு மாற்றலாம். ஆனால் ஒரு மெஷ் பெட்டி அடுத்த பெட்டியிடமிருந்து வாங்குவதையும் உங்கள் போனுக்குக் கொடுப்பதையும் ஒரே அலைவரிசையில் செய்தால், வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பெட்டிகளுக்கிடையே பேசுவதற்கென்றே தனி அலைவரிசை உள்ள மாடல்களில் இந்த இழப்பு குறைவு; ஆனாலும் நடுவில் இருக்கும் கான்கிரீட் சுவர் எங்கேயும் போய்விடாது. வைஃபையின் 5, 6 கிகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரைத் தாண்டுவதில் 2.4 கிகாஹெர்ட்ஸைவிடப் பலவீனம். அதே பெட்டிக்கு ஒரு வயர் போய்விட்டால் கதையே மாறிவிடும். அதனால் வயரையும் வைஃபையையும் எதிரெதிராக நிறுத்துவதே தவறு என்பேன். நல்ல வைஃபை வேண்டும் என்றால், தளத்துக்கு ஒன்றாகக் கூரையில் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை அலை பரப்பும் பெட்டி) வைக்க வயர் இழுங்கள். டிவி, மேசைக் கணினி, கேமரா மாதிரி ஓரிடத்திலேயே இருப்பவற்றுக்கும் வயர் கொடுத்துவிட்டால், காற்றில் போனுக்கும் லேப்டாப்புக்கும் தாராளமாக இடம் கிடைக்கும்.

சரி, எந்த வயர்? நெட்வொர்க் வயரின் தரத்தைச் சொல்வதுதான் 'கேட்' எண். கேட் 5இ-யைப் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அது 100 மீட்டர் தூரம் வரை நொடிக்கு 1 ஜிகாபிட் வேகம் கொடுக்கும்; 2016-இல் வந்த தரத்தின்படி 2.5 ஜிகாபிட்டும் அதில் ஓடும். ஏற்கெனவே சுவருக்குள் நல்ல கேட் 5இ இருந்தால் அதைப் பிடுங்க அவசியமில்லை. புதிதாக இழுப்பதென்றால் கேட் 6. 10 ஜிகாபிட்டை 100 மீட்டர் வரை தாங்குவது கேட் 6ஏ, கேட் 6-இல் அது 55 மீட்டர் வரைதான் என்பார்கள். வயர்கள் கட்டுக்கட்டாக நெருங்கிக் கிடந்தால் இன்னும் குறையும். ஆனால் ஒரு வீட்டுக்குள் 30 மீட்டரைத் தாண்டும் ஓட்டம் எத்தனை இருக்கும்? கேட் 6 சுமார் 6 மி.மீ. தடிமன், 6ஏ ஏழெட்டு மி.மீ. அது விறைப்பாகவும் இருக்கும், சின்ன சுவிட்ச் பெட்டிக்குள் வளைத்து மடக்குவது பெரும் பாடு. வயரின் தடிமனைப்போல நான்கு மடங்கு ஆரத்துக்குக் குறைவாக மடக்கக் கூடாது என்பது விதி. என் தேர்வு எல்லா இடத்துக்கும் கேட் 6. தளங்களை இணைக்கும் முக்கிய ஓட்டத்துக்கு மட்டும் 6ஏ. கேட் 8 டேட்டா சென்டருக்கானது, 30 மீட்டரோடு சரி, வீட்டுக்கு வேண்டாம்.

எந்த எண் என்பதைவிட, உள்ளே இருப்பது உண்மையில் செம்புதானா என்பது முக்கியம். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியும் கேட் 6 என்ற அச்சோடு வருகிறது. வாங்குவதற்கு முன் ஒரு துண்டின் உறையை உரித்து, கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். சிவப்புக்கு அடியில் வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் வளைத்தாலே ஒடிந்துவிடக்கூடும். மின்தடை செம்பைவிட அதிகம் என்பதால், இதே வயர் வழியாகவே கரண்டும் போகும் கேமராவுக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் இது ஆகவே ஆகாது. கம்பி சூடேறும், தூரத்தில் வோல்டேஜ் விழும். அதைச் சுவருக்குள் புதைப்பது மன்னிக்க முடியாத வேலை.

ஒளியால் தகவல் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபர் வேகத்தில் எல்லோரையும் மிஞ்சும். ஆனால் அது கரண்ட் கொண்டுபோகாது, முனை போட தனிக் கருவி வேண்டும், எதிர்முனையில் ஒளியைச் சாதாரண நெட்வொர்க் வயருக்கு மாற்றித் தரும் பெட்டியும் வேண்டும். அறைக்கு அறை அது வீண். வீட்டிலிருந்து தனியாக நிற்கும் கட்டடத்துக்குப் போக வேண்டுமா? அங்கே ஃபைபரேதான். உலோகம் கலக்காத ஃபைபர் வழியாக இடியின் அதிர்ச்சி பாயாது.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் வாதாடுவது பைப்புக்காக. வயரை நேரடியாகப் புதைத்தால் இன்றைய முடிவு இருபது வருடத்துக்கும் கல்வெட்டாகிவிடும். 25 மி.மீ. பிவிசி பைப் போட்டு உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டுவிட்டால், நாளை எது வந்தாலும் இழுத்துக்கொள்ளலாம். பைப்பின் உள்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. அந்தக் கணக்கில் கேட் 6 நான்கு போகும், 6ஏ என்றால் மூன்று. சதுரமாக ஒடியும் எல்போவைத் தவிருங்கள். பெரிய வளைவுள்ள பெண்ட் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் வயர் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். மின்சார வயரோடு ஒரே பைப்பில் ஒருபோதும் வேண்டாம். இரண்டு பைப்பும் கொஞ்சம் விலகி ஓடட்டும், குறுக்கே போவதென்றால் செங்குத்தாகப் போகட்டும்.

ஒரு பாயின்ட்டிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியாக இழுப்பதா, எல்லாம் ஓரிடத்துக்கு வருவதா? இதில் யோசிக்கவே வேண்டாம். ஒவ்வொரு பாயின்ட்டிலிருந்தும் தனி வயர், காற்றோட்டமும் கரண்ட் பாயின்ட்டும் உள்ள ஒரு பெட்டிக்கு நேராக வரட்டும். தொலைபேசிக்கும் இன்டர்காமுக்கும்கூட கேட் 6-ஐயே இழுத்துவிடலாம், தனி வயர் தேவையில்லை.

பூச்சுக்கு முன் ஒவ்வொரு வயரையும் நெட்வொர்க் கேபிள் டெஸ்டரில் போட்டு எட்டுக் கம்பியும் சரியான வரிசையில் வருகின்றனவா என்று பாருங்கள், இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். அப்புறம் அளவு டேப்பைச் சுவரோடு பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வைத்துவிட்டு, கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.