ஆர்டிஎல்8761பியூ சில்லுள்ள புளூடூத் அடாப்டர்: லினக்ஸ் பயனரின் மதிப்புரை

கடைகளில் பல பெயர்களில் விற்கப்படும் விரல்நுனி அளவு யூஎஸ்பி புளூடூத் அடாப்டர்களில் பலவற்றினுள் இருப்பது ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்8761பியூ என்ற ஒரே சில்லுதான். நான் வாங்கியதும் அவ்வகையைச் சேர்ந்தது. பெட்டியின் மேல் 5.1 என்ற புளூடூத் பதிப்பெண் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. சில்லின் பெயரோ எங்கும் இல்லை. லினக்ஸிலும் இயங்கும் என்று ஒரு வரி சொன்னாலும், உடன் வந்த குறுந்தகட்டில் விண்டோஸுக்கான டிரைவர் மட்டுமே இருந்தது.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 நிறுவிய மேசைக் கணினியில் செருகியபோது அடாப்டரின் விளக்கு எரிந்தது. ஆனால் அமைப்புகள் சாளரம் புளூடூத் கருவி எதுவும் இல்லை என்றது. இந்த நிலையில் பலர் பொருளே பழுது என்று முடிவு செய்து திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு முன், கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினல் சாளரத்தில், செருகிய யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. ரியல்டெக்கின் பெயரும் 8771 என்று முடியும் அடையாள எண்ணும் அங்கே தெரிந்தால், கணினி அடாப்டரைக் கண்டுகொண்டுவிட்டது என்று பொருள். சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான் இருக்கிறது.

அந்த அடுத்த படியை டிமெஸ்ஜி (dmesg) என்ற கட்டளை காட்டிக்கொடுக்கிறது. அது காட்டும், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் பதிவேட்டில், ஆர்டிஎல்8761பியூவுக்குரிய ஃபர்ம்வேர் (சில்லினுள் இயங்கும் நிரல்) கோப்பைத் தேடியதும் அது கிடைக்காமல் கழித்தல் 2 என்ற பிழை எண்ணுடன் முயற்சி நின்றதும் தெளிவாகப் பதிவாகியிருந்தன. கோப்பு இல்லை என்பதே அந்த எண்ணுக்குப் பொருள். இந்தச் சில்லு தனக்குத் தேவையான நிரலின் ஒரு பகுதியைத் தன்னிடம் நிலையாக வைத்துக்கொள்வதில்லை. மின்சாரம் கிடைக்கும் ஒவ்வொரு முறையும் கணினியிலிருந்துதான் பெற்றுக்கொள்கிறது. டெபியன் 12-இன் கெர்னலான 6.1-இல் டிரைவர் உண்டு, ஆனால் டிரைவர் மட்டும் இருந்து பயனில்லை.

கட்டற்ற உரிமத்தில் வராத ஃபர்ம்வேரையும் அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே சேர்ப்பதென 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்தார்கள். அப்படியிருந்தும் கோப்பு ஏன் இல்லை என்ற கேள்வி எழும். நிறுவும் நேரத்தில் கணினியில் இருக்கும் வன்பொருளுக்கு வேண்டியதை மட்டுமே நிறுவல் நிரல் எடுத்து வைக்கிறது. பிறகு வாங்கிச் செருகும் அடாப்டரை அது முன்கூட்டி அறிய வழியில்லை. ஃபர்ம்வேர்-ரியல்டெக் (firmware-realtek) என்ற தொகுப்பை நிறுவி, அடாப்டரைக் கழற்றி மீண்டும் செருகியதும் புளூடூத் உயிர்பெற்றது. அப்போதும் அணைந்தே கிடந்தால், கம்பியில்லாக் கருவிகளின் நிலையைக் காட்டும் ஆர்எஃப்கில் (rfkill) கட்டளையில் அது முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இயங்கத் தொடங்கிய பின் எனக்குப் பெரிய குறை தென்படவில்லை. ஹெட்போன், விசைப்பலகை, சுட்டி மூன்றும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கின்றன. யூஎஸ்பி 3.0 துளையில் வெளி வன்தட்டுக்கு அருகே செருகியபோது மட்டும் பாட்டு விட்டுவிட்டுக் கேட்டது. யூஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்குவதை இன்டெல் 2012-இலேயே விளக்கி எழுதியிருக்கிறது. ஒரு சிறு நீட்டிப்பு வயர் போட்டு அடாப்டரைத் தள்ளி வைத்ததும் அந்தத் தொல்லை நின்றது. கணினியை உறக்க நிலையிலிருந்து எழுப்பும்போது அடாப்டர் சில வேளைகளில் காணாமல் போகிறது. யூஎஸ்பி புளூடூத்துக்கான கெர்னல் டிரைவரான பிடியூஎஸ்பி (btusb) தொகுதியை நீக்கி மீண்டும் ஏற்றினால் திரும்பி வந்துவிடுகிறது.

ஹெட்போனின் மைக்கைப் பயன்படுத்தும்போது ஒலித்தரம் சட்டென்று இறங்குவதை இந்தப் பொருளின் குறையாக நான் கணக்கிடவில்லை. பாட்டு கேட்கும் முறையிலிருந்து பேசும் முறைக்கு மாறும்போது, வழக்கமான புளூடூத் ஒலியில், எந்த அடாப்டரிலும் நேர்வது அது. பெட்டியில் 5.1 என்று இருப்பதால் ஒலி மேம்பட்டுவிடும் என எதிர்பார்ப்பதற்கும் இடமில்லை; 5.0-இல் வந்த கூடுதல் வேகமும் தொலைவும் புளூடூத்தின் குறைந்த மின்சக்திப் பிரிவுக்கு உரியவை, வழக்கமான ஹெட்போன் ஒலியோ பழைய பிரிவின் வழியாகத்தான் செல்கிறது.

இதைவிட மலிவாகக் கிடைக்கும் சிஎஸ்ஆர்8510 என்ற சில்லுள்ள அடாப்டர்களைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. அசல் சில்லு லினக்ஸில் நன்றாகவே இயங்கும். ஆனால் அதே அடையாள எண்ணைப் போட்டுக்கொண்டு போலிகளும் சந்தையில் புழங்குகின்றன. கெர்னலில் அவற்றைக் கண்டறிந்து சமாளிப்பதற்கென்றே தனி நிரல்வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன. அப்படியும் சில அடங்குவதில்லை. ரியல்டெக் அடாப்டருக்கு ஒரு தொகுப்பை நிறுவினால் வேலை முடிகிறது. ஆகவே கூடுதலாகக் கொஞ்சம் செலவானாலும், சில்லின் பெயரை விற்பவரிடம் கேட்டு, அது ஆர்டிஎல்8761பியூ என்று உறுதியானால் தயங்காமல் வாங்கலாம்.