ஸ்பாட்டிங் எரர்ஸ் பயிற்சிக்கு லாங்மன் அகராதி: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

எஸ்எஸ்சி (மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம்), வங்கித் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் அகராதியைத் திறப்பது பெரும்பாலும் பொருள் தெரியாத சொல்லுக்குத்தான். ஆனால் பகுதிகளாகப் பிரித்த வாக்கியத்தில் பிழையுள்ள பகுதியைக் கண்டுபிடிக்கும் 'ஸ்பாட்டிங் எரர்ஸ்' கேள்விகளில் மதிப்பெண் போவது பொருள் நன்றாகத் தெரிந்த சொற்களில்: டிஸ்கஸ், அட்வைஸ், போலீஸ், ப்ரிஃபர். இந்தச் சொற்களுக்கு லாங்மன் டிக்‌ஷனரி ஆஃப் கன்டெம்பரரி இங்கிலிஷைத் திறந்து பாருங்கள். 1978இல் முதல் பதிப்பு வந்த அகராதி. இப்போது இணையத்தில் விளம்பரங்களோடு இலவசமாகக் கிடைக்கிறது. சுமார் 2,000 எளிய சொற்களைக் கொண்டே விளக்கங்களை எழுதியிருப்பதால் தமிழ்வழியில் படித்தவருக்கும் தடுமாற்றம் இருக்காது.

முதலில் பார்க்க வேண்டியது சொல்லுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் இருக்கும் குறிப்பு. பலரும் இதைத் தாண்டிப் பொருளுக்குப் போய்விடுகிறார்கள். அட்வைஸ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன் ஆகியவற்றுக்கு 'அன்கவுன்டபிள்' (எண்ண முடியாதது) என்று போட்டிருக்கும். அந்த ஒரு சொல்லிலேயே மூன்று விதிகள் அடங்கியிருக்கின்றன: முன்னால் 'எ', 'ஆன்' வராது, கடைசியில் 'எஸ்' சேராது, வினை ஒருமையில்தான் வரும். 'போலீஸ்' பக்கத்தில் 'ப்ளூரல்' (பன்மை) என்றிருக்கும். அதனால் 'தி போலீஸ் ஹேஸ் அரெஸ்டட்' தவறு, 'ஹேவ்' வேண்டும். 'நியூஸ்' இதற்கு நேர்மாறு. 'எஸ்' இருந்தும் அது அன்கவுன்டபிள் என்பதால் 'தி நியூஸ் ஆர்' தவறு. 'அறி' என்ற பொருள் தரும் 'நோ' வினைக்கு 'நாட் இன் ப்ரோக்ரஸிவ்' ('இங்' சேர்ந்த தொடர்வடிவில் வராது) என்ற குறிப்பு உண்டு. 'ஐ ஆம் நோயிங் ஹிம்' எங்கே உடைகிறது என்று அது காட்டிவிடும்.

ஒரே சொல்லின் வெவ்வேறு பொருள்களுக்கு வெவ்வேறு குறிப்பு இருக்கும், கவனம். வேலை என்ற பொருளில் 'வொர்க்' அன்கவுன்டபிள். ஓவியம், நூல் போன்ற படைப்பு என்றால் கவுன்டபிள். முதல் பொருளோடு நிறுத்திவிட்டால் சரியான 'வொர்க்ஸ் ஆஃப் ஆர்ட்' உங்களுக்குப் பிழையாகத் தெரியும்.

தமிழருக்கு இந்த அகராதி மிகவும் பயன்படும் இடம், தடித்த எழுத்தில் தரப்படும் சொற்றொடர் அமைப்புகள். 'டிஸ்கஸ் சம்திங் வித் சம்படி' என்று இருக்கும். நடுவில் 'அபவுட்' கிடையாது. நாம் 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்கிறோம். அந்தப் 'பற்றி'தான் 'அபவுட்'டாக உள்ளே நுழைகிறது. நம் காதுக்கு அது சரியாகவே ஒலிப்பதால் 'நோ எரர்' என்று குறித்துவிடுகிறோம். எஸ்எஸ்சி நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வான சிஜிஎல்லின் முதல் நிலையில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், தலா 2 மதிப்பெண், தவறான விடைக்கு 0.50 கழிவு. காதை நம்பினால் இப்படித்தான் கழிந்துகொண்டே போகும். 'லுக் ஃபார்வர்ட் டு'வும் அப்படியே: அமைப்பு 'டு டூயிங் சம்திங்'. ஆகவே 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' தவறு, 'மீட்டிங்' என்று வர வேண்டும். 'ப்ரிஃபர்' வந்தால் 'டு'; 'ப்ரிஃபர் டீ தேன் காஃபி' தவறு. 'அவாய்ட்' வந்தால் அடுத்த வினை 'இங்' ஏற்கும்.

தினம் பத்துக் கேள்விகள் போதும். தவறவிட்டவற்றில் சிக்கல் தந்த சொல்லை மட்டும் தேடி, அடைப்புக்குறிப்பு, அமைப்பு, ஓர் எடுத்துக்காட்டு ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதிவையுங்கள். எஸ்1, டபிள்யூ1 என்று குறியிட்ட சொற்கள் பேச்சிலும் எழுத்திலும் அதிகம் புழங்கும் முதல் ஆயிரத்தில் சேர்ந்தவை. அவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். 'கெட்', 'டேக்' போன்றவற்றின் பக்கங்கள் மிக நீளம். கைபேசியில் உருட்டிச் சலிப்பதைவிடக் கணினியில் பக்கத்துக்குள் தேடுவது எளிது.

வாக்கிய அமைப்பில் வரும் பிழைகளுக்கு இதை நம்ப வேண்டாம். 'தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் வேர் பேட்' என்ற வாக்கியத்தில் எழுவாய் 'குவாலிட்டி'; பக்கத்தில் நிற்கும் 'மேங்கோஸ்' வினையைப் பன்மைக்கு இழுத்துவிட்டது. 'ஆஃப்' தொடங்கும் துண்டை விரலால் மறைத்துப் படித்தால் 'வாஸ்' வேண்டும் என்று தெரிந்துவிடும். 'வாக்கிங் டௌன் தி ரோட், எ டாக் பிட் மீ' என்பதில் நடந்தது யார் என்ற குழப்பத்தையும் எந்தச் சொல்லைத் தேடியும் தீர்க்க முடியாது. இவற்றுக்கு இலக்கண நூலும் பழைய வினாத்தாள்களும்தான் வழி.

இன்னொன்று: அகராதி மக்கள் பேசுவதைப் பதிவு செய்கிறது, தேர்வு பாடப்புத்தக விதியைக் கேட்கிறது. அமெரிக்க வழக்கு என்று 'டிஃபரன்ட் தேன்' லாங்மனில் இருக்கும். தேர்வில் 'டிஃபரன்ட் ஃப்ரம்' என்பதே பாதுகாப்பு. 'டேட்டா'வை ஒருமையாகவும் பன்மையாகவும் அகராதி ஏற்கிறது, பழைய இலக்கணமோ பன்மை என்கிறது. இப்படி இரண்டும் முரண்படும் சொல் கண்ணில் பட்டால் உடனே அதைக் குறிக்காதீர்கள். மற்றப் பகுதிகளில் மறுக்க முடியாத பிழை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வேறெங்கும் இல்லையென்றால் மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள்.