விவியன் லீ: எந்தப் படத்தில் தொடங்குவது?

நடிகை விவியன் லீயை அறிய விரும்புவோர், அவருக்கு ஆஸ்கர் பெற்றுத்தந்த இரு படங்களுள் எதை முதலில் பார்ப்பது என்று தயங்குவதுண்டு.

நேரம்: ‘கான் வித் த விண்ட்’ (1939) ஏறக்குறைய 4 மணி நேரம்; ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்’ (1951) சுமார் 2 மணி நேரம்.

எளிமை: முன்னது வண்ணப்படம், கதையே இழுத்துச் செல்லும் (கதைக்களமான அமெரிக்கத் தென்பகுதியின் அடிமைமுறையை அது பூசிமெழுகுவது வேறு விஷயம்). பின்னது கறுப்பு வெள்ளை, மூச்சுமுட்டும்.

லீயின் வாழ்க்கையோடு நெருக்கம்: பின்னதற்கு ஈடில்லை. வயது தெரியாதிருக்க விளக்குக்குக் காகிதக் கூடு மாட்டி, முடிவில் மனம் பேதலித்து அழைத்துச் செல்லப்படும் பிளான்ச்சாக நடித்தவர், 1953இல் இலங்கையில் ‘எலிஃபன்ட் வாக்’ படப்பிடிப்பின்போது மனநோய் முற்றித் தளர்ந்துபோக, அவரிடத்தில் எலிசபெத் டெய்லர் நடித்தார். ஆயினும் தூரத்துக் காட்சிகள் சிலவற்றில் இன்றும் தெரிபவர் லீயே.

அவருடைய மிடுக்கைக் காண விரும்புவோருக்கு முன்னது ஏற்றது. அவர் பட்ட பாட்டை உணர விரும்புவோர் பின்னதிலேயே தொடங்கலாம்.