பானெட்டுக்குள் எலி: சில வருடங்கள் பார்த்ததில் எது நின்றது, எது நிற்கவில்லை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரமாகப் படிப்பவர்களுக்கு உதவும். எலியிடமிருந்து எஞ்சினைக் காப்பாற்ற நான் வாங்கித் தெளித்ததும் மாட்டியதும் தொங்கவிட்டதும் பெரும்பாலும் சில வாரங்களுக்குத்தான் பலன் தந்தன. வருடக்கணக்கில் பலன் தந்தது, காரைச் சுற்றியுள்ள தரையில் செய்த வேலை. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் செலவும் குறைந்தது, மனதுக்கும் நிம்மதி வந்தது.

எங்கள் வீடு தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூர் பக்கம். ஒரு பக்கத்தில் காலி மனை, அதில் கருவேலமும் எருக்கும் மண்டிக் கிடக்கும். பின்னால் மழைநீர்க் கால்வாய். கார் போர்டிகோவில் நிற்கிறது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் வாரத்தில் பல நாள் அசையாது. வண்டியை நிறுத்திய பிறகும் எஞ்சினில் சில மணி நேரம் சூடு இருக்கும். உள்ளே இருட்டு, மேலே கூரை, மனித நடமாட்டமும் இல்லை. குட்டி போட இடம் தேடும் எலிக்கு இது போதும்.

சேதம் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் ரப்பர் குழாய் துண்டாகியிருந்தது. பிறகு, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. முன் சக்கரத்து சென்சாருக்குப் போகும் ஒயர் அறுந்திருந்தது. அடுத்ததாக செக் எஞ்சின் விளக்கு வந்து வண்டி நடுங்க ஆரம்பித்தபோது, எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டரின் ஒயர் உறை உரிந்து செம்பு தெரிந்தது. பானெட்டின் அடிப்புறத்தில் இருக்கும் பஞ்சு விரிப்பைக் கிழித்து, ஏசி காற்றை உள்ளே தள்ளும் ப்ளோவர் பக்கம் கூடு கட்டியிருந்தது. ஏசியைப் போட்டால் மூத்திர வாடை.

எலியின் வெட்டுப்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கடினமான எதையாவது கொறித்துத் தேய்க்காவிட்டால் அதனால் சாப்பிடவே முடியாது. ஆகவே பசியில்லாத எலியும் ஒயரைக் கடிக்கும். இப்போது வரும் ஒயர் உறைகளில் சோயா கலந்திருப்பதால்தான் கடிக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. அமெரிக்காவில் கார் நிறுவனங்கள் மீது வழக்கே போட்டார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சோயா பேச்சு வருவதற்கு முன்பிருந்த பழைய பிளாஸ்டிக் ஒயரையும் எலி விட்டுவைத்ததில்லை. வீட்டில் பிவிசி குழாயைக்கூடக் கடிக்கிறதே.

இனி பயன்படுத்திப் பார்த்தவை. பலரும் முதலில் வாங்குவது அல்ட்ராசோனிக் கருவி, பேட்டரியில் இணைத்து பானெட்டுக்குள் மாட்டுவது. மனிதக் காதுக்குக் கேட்காத, 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை எழுப்பும். எலிக்கு அந்த ஒலி கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் அது எதிரே ஒரு பொருள் இருந்தால் தாண்டிப் போகாது, தூரத்தில் சட்டென்று தேய்ந்துவிடும். எஞ்சின் அறையில் எங்கு பார்த்தாலும் இரும்பும் பிளாஸ்டிக்கும்தான், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நிழல். போதாததற்கு எலி சத்தத்துக்குப் பழகிவிடும். இந்த வகைக் கருவிகளைத் தயாரித்த அல்லது விற்ற 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, அறிவியல் ஆதாரம் இல்லாமல் பலன் உண்டென்று விளம்பரம் செய்யக் கூடாது என 2001லேயே அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. என் வண்டியில் மாட்டிய புதிதில் புழுக்கை குறைந்தது. மழைக்காலம் வந்ததும் கருவிக்குப் பக்கத்திலேயே புழுக்கை கிடந்தது. அது கார் பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. அதிகம் ஓடாத வண்டிக்கு அது தனிக் கவலை. நான் கழற்றிவிட்டேன்.

சர்வீஸ் சென்டரில் அடித்துவிடும் கசப்பு ஸ்பிரே எனக்கு நம்பிக்கை தரவில்லை. இந்த வகை ஸ்பிரேக்கள் சிலவற்றில் சேர்க்கும் டெனட்டோனியம் நமக்குத் தாங்கமுடியாத கசப்பு. அதே பொருளைத்தான் குழந்தைகள் தவறிச் சாப்பிட்டுவிடக் கூடாது என்று எலி விஷத்திலும் கலக்கிறார்கள். எலி அந்த விஷத்தைத் தின்னத்தான் செய்கிறது. நமக்குக் கசப்பதெல்லாம் அதற்கும் கசக்கும் என்று நம்பிப் பணம் கட்ட வேண்டியதில்லை.

மிளகாய்க் காரம் வேறு ரகம். அது பாலூட்டிகளின் வாயை எரிக்கும், எலியும் பாலூட்டிதான். ஹோண்டா நிறுவனம் இந்தக் காரச்சத்து சேர்த்த ஒயர் டேப்பையே விற்கிறது. அந்த வகை டேப்பைச் சுற்றிய இடத்தில் என் வண்டியில் கடி விழவில்லை. ஆனால் சுற்றாமல் விட்ட பக்கத்து ஒயரில் பல் பட்டிருந்தது. ஹார்னஸ் எனப்படும் மொத்த ஒயர்க் கட்டுக்கும் சுற்றக் கட்டுப்படியாகாது. ஏற்கெனவே கடிபட்ட இடங்கள், சக்கர சென்சார் ஒயர், கீழே தொங்கும் ஆக்சிஜன் சென்சார் ஒயர் என்று பார்த்துச் சுற்றலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சுற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கினால் அவ்வளவுதான்.

அதைவிட மலிவாக, அதைவிட நாள் கணக்கில் நின்றது கறுப்பு நெளிகுழாய் உறை. எலெக்ட்ரிக்கல் கடையில் ஸ்லீவ் என்று கேட்டால் மீட்டர் கணக்கில் கொடுப்பார்கள். அதைப் போட்டுக் கொடுத்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒன்று சொன்னார்: “சார், ஸ்லீவையும் கடிக்கத்தான் செய்யும். ஆனா ஸ்லீவ்ல பல் பட்டா உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுடும். உள்ள ஒயர் தப்பிச்சுக்கும்.” அவர் சொன்னபடியே நடந்தது. உறையில் விழுந்த பல் தடத்தைப் பார்த்து அந்த வாரமே கூண்டு வைத்தேன். சைலன்சர் குழாயை ஒட்டிப் போகும் ஒயருக்கு மட்டும் சாதாரண உறை வேண்டாம், உருகிவிடும்.

புகையிலையைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. வாடை இருக்கும்வரை எலி ஒதுங்குகிறது, எஞ்சின் சூட்டில் வாடை சீக்கிரமே போய்விடுகிறது. கட்டுவதானால் துணியில் இறுக்கிக் கட்டி, பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் சைலன்சருக்கும் எட்டாத இடத்தில் கட்டுங்கள். சருகாக உள்ளே போட்டால் சூடான குழாயில் விழுந்து புகையும். அந்துருண்டை வேண்டவே வேண்டாம். அந்த ஆவி ஏசி இழுக்கும் காற்றோடு காருக்குள் வரும், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டையில் உள்ள நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கக்கூடியது. டீசல், மண்ணெண்ணெய் தெளிப்பதும் வேண்டாம். ரப்பர் ஊதிப்போகும், தீப்பிடிக்கும் அபாயம் வேறு.

ஏசி வாடைக்குக் கிடைத்த தீர்வு காசே இல்லாதது. வெளிக்காற்று ப்ளோவருக்குள் நுழையும் வழியில் ஒரு மடல் உண்டு. வண்டியை நிறுத்தும்போது ஏசியை உட்காற்றுச் சுழற்சியில் வைத்து அணைத்தால் அந்த மடல் மூடிக்கொள்ளும். எலிக்கு அந்த வாசல் அடைபட்டுவிடும். வைப்பருக்குக் கீழே காற்று இழுக்கும் இடத்தில் 6 மி.மீ. கண்ணுள்ள கம்பி வலையும் போட்டேன். அதைவிடப் பெரிய கண் வேண்டாம், பென்சில் நுழையும் இடைவெளியில் சுண்டெலி நுழைந்துவிடும். ரேடியேட்டருக்கு முன்னாலும் எஞ்சினுக்கு அடியிலும் வலை கட்டி அடைக்காதீர்கள், சூடு வெளியேற வழி வேண்டும்.

காம்பவுண்டுக்குள் நிறுத்துகிறவர்கள் ராத்திரியில் பானெட்டைத் திறந்தே வைத்து, மேலே ஒரு எல்இடி பல்பைத் தொங்கவிடலாம். இருட்டும் கதகதப்பும் இரண்டுமே போய்விடுவதால் எலிக்கு அங்கே வேலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் இதைத்தான் செய்கிறேன். பானெட்டுக்குள்ளேயே விளக்கு உள்ள வண்டியானால் அதைக் கழற்றிவிடுங்கள், பேட்டரி தீர்ந்துபோகும்.

இவ்வளவு செய்தும் எலி திரும்பத் திரும்ப வந்துகொண்டுதான் இருந்தது. அதை நிறுத்த வழி சொன்னவர் மன்னார்குடிப் பக்கம் வயல் வைத்திருக்கும் என் பெரியப்பா. மூங்கிலை வில்லாக வளைத்து வரப்பில் வைக்கும் தஞ்சாவூர் கிட்டியில் எத்தனையோ எலி பிடித்தவர். காரை அவர் பார்க்கவே இல்லை. சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு நடை நடந்து வந்து, “தம்பி, எல்லா வளையையும் சாயங்காலம் மண்ணு போட்டு மூடு. காலையில எது திறந்திருக்கோ, அதுலதான் ஆளு இருக்கு” என்றார்.

காலையில் பார்த்தால் மூடியவற்றில் சில மட்டுமே திறந்திருந்தன. எல்லாமே காலி மனைச் சுவரை ஒட்டி, பழைய அட்டைப் பெட்டிகளும் தென்னை மட்டையும் கிடந்த மூலையில். அந்தக் குப்பையை அகற்றினோம். கூண்டு வைத்து எலி அடங்கிய பிறகு வளைகளில் ஜல்லியைக் கொட்டி சிமெண்ட் பூசினோம். வெறும் மண் போட்டு மூடினால் பெருச்சாளி ஒரே ராத்திரியில் தோண்டிவிடும். கால்வாய்க்குப் போகும் குழாயின் வாயில் இரும்பு ஜல்லடை வைத்தோம். சுவரில் படர்ந்திருந்த கொடியையும் வெட்டினோம், வீட்டெலிக்கு அது ஏணி.

அடுத்தது தீனி. பக்கத்து வீட்டு அக்கா தினமும் மதில் மேல் காக்கைக்குச் சோறு வைப்பார். நானும் தெருநாய்க்கு ராத்திரி ஒரு தட்டு வைப்பதுண்டு. இரண்டையும் நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நிறுத்தவும் இல்லை. “அக்கா, காக்கா சாப்பிட்டதும் மிச்சத்தைக் கழுவி விட்டுடுங்க, ராத்திரி அங்க ஒரு பருக்கை இருக்கக் கூடாது” என்று கேட்டுக்கொண்டேன். நாய்ச் சாப்பாட்டை இருட்டுவதற்கு முன் வைத்து, சாப்பிட்டதும் தட்டை எடுத்துவிடுகிறேன். குப்பையை மூடியுள்ள வாளியில் போடுகிறோம். அந்த மழைக்காலத்தில்தான் முதன்முறையாக ஒயரில் கடியே இல்லை. வடகிழக்குப் பருவமழையில் வளைக்குள் தண்ணீர் ஏறினால் எலிகள் மேடு தேடி வரும். அதனால் சுவரோர வேலையைப் புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு வருடமும் முடித்துவிடுகிறேன்.

கூண்டைப் பொறுத்தவரை பொறுமைதான் முக்கியம். புதிய பொருளைக் கண்டால் எலி சில நாள் கிட்டே வராது. கதவைக் கட்டித் திறந்தபடியே வைத்து, சுட்ட தேங்காயோ மசால் வடையோ கருவாடோ போட்டுப் பழக்குங்கள். தின்ன ஆரம்பித்த பிறகு கொக்கியை மாட்டுங்கள். எலி சுவரை உரசியபடிதான் ஓடும், ஆகவே கூண்டும் சுவரை ஒட்டி இருக்க வேண்டும். ஒட்டும் அட்டையை நான் பயன்படுத்துவதில்லை. எலி நாள் முழுக்க அதில் கிடந்து துடிக்கும், அணிலும் ஓணானும் அதில் மாட்டும்.

விஷம் மட்டும் வேண்டாம், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ரத்தம் உறையாமல் செய்யும் கட்டிகளைத் தின்ற எலி சில நாள் கழித்துத்தான் சாகும், அதுவும் ஏதாவது மறைவிடத்தில் போய். அந்த மறைவிடம் உங்கள் ப்ளோவராக இருந்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். அந்த எலியைத் தின்னும் பூனையும் கூகையும்கூடச் சாகலாம். 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நச்சால் இரண்டு குழந்தைகளை இழந்தோம். ஒரு ஒயருக்காக அந்தப் பொருளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவர எனக்கு மனம் வராது.

பூனை பற்றியும் கேட்கிறார்கள். எங்கள் தெருப் பூனை காருக்கு அடியில் படுப்பதால் எலி நடமாட்டம் குறைந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் மழையில் பூனையே எஞ்சின் மேல் ஏறிப் படுக்கும். எலியைத் தேடிச் சாரையோ நல்லபாம்போ வருவதும் உண்டு. ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுவதை எங்கள் வீட்டில் எல்லோரும் பழகிக்கொண்டோம்.

இன்சூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக. தேர்டு பார்ட்டி பாலிசியில் எலிக்கடிக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுகிறது, எலிக்கடி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1000 ரூபாய் நம் கையிலிருந்துதான். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதியைக் கழிப்பார்கள், ஜீரோ டெப் எடுத்திருந்தால் தவிர. கிளெய்ம் செய்தால், கிளெய்ம் இல்லாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம்வரை சேர்ந்திருக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். ஒன்றிரண்டு ஒயர் போனதற்கு நல்ல எலெக்ட்ரீஷியனே போதும், முழு ஹார்னஸ் போனால் கிளெய்ம் செய்யலாம்.

இப்போது என் வழக்கம் வாரம் ஒருமுறை டார்ச் அடித்து பானெட்டுக்குள் பார்ப்பது. புழுக்கை, கிழிந்த பஞ்சு, இழுத்துவந்த தேங்காய்த் துண்டு, உறையில் பல் தடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். எதையும் வெறுங்கையால் தொடுவதில்லை. எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். கையுறை போட்டு, ப்ளீச்சிங் தண்ணீரில் நனைத்த துணியால் ஒயர் இணைப்புகளில் படாமல் துடைத்து எடுப்பேன். காய்ந்த புழுக்கையைப் பெருக்கித் தூசி கிளப்புவதில்லை.

வெளியூர் போகும்போது காருக்குள் பிஸ்கட் துணுக்கோ பொரியோ இல்லாமல் துடைத்துவிட்டு, சுவரிலிருந்து நகர்த்தி வெளிச்சமான இடத்தில் நிறுத்திவிட்டுப் போகிறேன். திரும்பி வந்ததும் சாவியைப் போடுவதற்கு முன்பே பானெட்டைத் திறந்து பார்ப்பேன். ஒயர் மட்டும் என்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். பெட்ரோல் குழாயில் பல் பட்டிருந்தால் தீ பிடிக்கலாம். பெட்ரோல் வாடை துளி அடித்தாலும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.