சுங்குடி கடைக்கு சோஷியல் மீடியா: பல வருஷம் ஓட்டிப் பாத்ததுல தேறுனதும் தேறாததும்

மதுரை மாசி வீதிப் பக்கம் சுங்குடி சேலை கடை நம்மளது, துணியில முடிச்சு போட்டு சாயம் முக்கி புள்ளி புள்ளியா எடுக்குற சேலை. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் வந்த 2018லயே போட்டாச்சு, 2020ல டிக்டாக்க தடை பண்ணி அடுத்த மாசமே ரீல்ஸ் வந்துச்சுல்ல, அப்ப இன்ஸ்டா. பேஸ்புக் பேஜ் அதுக்கெல்லாம் முந்தியே கிடக்கு. பக்கத்து கடைக்காரவுங்க "எதுல காசு போடலாம்ணே"னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் மொத்தமா எழுதிப் போட்டுர்றேன்.

நம்ம மாதிரி கடைக்கு யாவாரம் முடியறது பூராம் வாட்ஸ்அப்ல தான். இன்ஸ்டால பாக்குறாங்க, மேப்ல தேடுறாங்க, ஆனா கடைசில வந்து நிக்கறது இங்கிட்டு தான். இதுல நெறைய பேரு கவனிக்காத ஒண்ணு இருக்கு, பிராட்காஸ்ட் லிஸ்ட்ல (ஒரே மெசேஜ பல பேருக்கு தனித்தனியா அனுப்புற வசதி) நீங்க அனுப்புறது உங்க நம்பர சேவ் பண்ணி வச்சிருக்கவங்களுக்கு மட்டும் தான் போகும், அதுவும் ஒரு லிஸ்டுக்கு 256 பேரு தான். ஆக கஸ்டமர் நம்பர நோட்டுல எழுதி வாங்கி அடுக்குறதுல பிரயோஜனம் இல்ல, அவங்க போன்ல நம்ம பேரு இருக்கணும். எங்க கடைல பில்லு போடற தம்பி "அக்கா, கடை நம்பர சேவ் பண்ணிக்கங்க, புது கலர் வந்தா ஸ்டேட்டஸ்ல போடுவோம்"னு சொல்லிட்டு, அவங்க சேவ் பண்ணி முடிக்கிற வரைக்கும் பைய கையில குடுக்க மாட்டான். விளம்பரத்துக்கு செலவழிச்ச காச விட இந்த பயலோட பிடிவாதம் தான் எங்களுக்கு அதிகமா சம்பாதிச்சுக் குடுத்துருக்கு. ஒரே க்ளிக்ல பத்தாயிரம் பேருக்கு மெசேஜ்னு சாப்ட்வேர் விக்க வருவாங்க, கிட்ட சேக்காதீங்க, அது வாட்ஸ்அப் ரூல்ஸ்க்கே விரோதம், நம்பரு பேன் ஆச்சுன்னா சேத்த ஆளு அம்புட்டும் போச்சு.

ரீல்ஸ்ல மாடல் பொண்ணு சேலை கட்டி சுத்துனா வியூஸ் நல்லா வரும், ஆனா யாரும் ரேட்டு கேக்க மாட்டாங்க. எங்களுக்கு விசாரணை வந்தது வேற மாதிரி வீடியோவுல. சாயம் முக்கி காய வச்ச துணிய ரெண்டு பக்கமும் புடிச்சு இழுத்து முடிச்ச அவுப்பாங்க பாருங்க, நூலு தெறிச்சு வெள்ளப் புள்ளி ஒண்ணொண்ணா வெளிய வரும், அத கிட்டக்க வச்சு எடுத்து, பாட்டு கீட்டு எதுவும் போடாம அந்த சத்தத்தோடயே விட்டோம். (பிசினஸ் அக்கவுண்டுக்கு சினிமா பாட்டு பாதி கிடைக்கவும் செய்யாது, அது வேற கதை.) இன்னொண்ணு, கையில முடிச்சு போட்டதையும் பிரிண்ட் அடிச்சதையும் பக்கத்து பக்கத்துல விரிச்சுக் காட்டுனது. மதுரை சுங்குடிக்கு 2005லயே புவிசார் குறியீடு கிடைச்சிருச்சு, ஆனாலும் வெளியூர்க்காரங்களுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கைமுடிச்சுல புள்ளி ஒண்ணு போல ஒண்ணு இருக்காது, பிரிண்ட்ல எல்லாம் அச்சு மாதிரி இருக்கும். தொழில் தெரிஞ்சவன் காட்டுனா ஜனம் நின்னு பாக்குது, அப்பறம் ரேட்டு கூட இருக்கேன்னு அடிச்சுப் பேசறதில்ல.

ரேட்டுன்னதும் தான் ஞாபகம் வருது, தயவுசெஞ்சு "ரேட்டுக்கு டிஎம் பண்ணுங்க"னு, அதாவது தனி மெசேஜ்ல கேளுங்கன்னு போடாதீங்க. கீழயே எழுதிருங்க. பாதிப் பேரு கேக்க கூச்சப்பட்டே தள்ளிட்டுப் போயிருவாங்க. கலரும் அப்டித்தான், அரக்கு செவப்பு ஒவ்வொரு போன்லயும் ஒவ்வொரு மாதிரி தெரியும், அதனால பணம் வாங்குறதுக்கு முன்னாடி வாசல் வெளிச்சத்துல வீடியோ கால்ல காட்டிருவோம், ரிட்டர்ன் தகராறு பெரும்பாலும் அதோட முடிஞ்சுது.

போட்ட போஸ்ட காசு கட்டி நெறைய பேருக்கு காட்டுற பூஸ்ட் பட்டன அமுக்குனா லைக் வரும், சேலை போகாது. வெளம்பரம் குடுத்தா அமுக்குனதும் நேரா வாட்ஸ்அப் தொறக்குற மாதிரி குடுங்க, 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியா வரும், அதையும் கணக்குல வைங்க. அப்டி கேட்டு வர்றவங்களுக்கு பதில் சொல்ல ஒரு ஆளு போனோட உக்காந்திருக்கணும், ராத்திரி கேட்டவங்களுக்கு மறுநா மத்தியானம் பதில் போட்டா அவங்க வேற கடைல வாங்கிட்டுப் போயிருப்பாங்க. ஒரு ஏஜென்சி மாச பேக்கேஜ் பேசி, காலை வணக்கம், பொங்கல் வாழ்த்துன்னு நம்ம லோகோவ ஒட்டி ஒட்டி போட்டுச்சு, நிறுத்திட்டு அந்த காச பதில் சொல்ற பொண்ணுக்கு சம்பளமா குடுத்தோம்.

பேஸ்புக் பேஜ அப்டியே விட்டு வச்சிருக்கோம், வயசானவங்க சில பேரு அதுல பாத்துட்டு போன் பண்றாங்க, அவ்ளோதான்.

கூகுள் மேப்ப பத்தி யாரும் பெருசா பேசறதில்ல, எனக்கு இது ரொம்ப புடிச்சது. மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வர்ற வெளியூர் ஆளுங்க தரிசனம் முடிச்சதும் போன எடுத்து பக்கத்துல சேலை கடை எங்கன்னு தான் தேடுறாங்க. கடைய அதுல சேக்க காசும் கிடையாது. கடை தொறக்குற நேரத்த மட்டும் சரியா வைங்க, சித்திரைத் தேரோட்டத்தன்னைக்கு மாசி வீதிக்குள்ள வண்டி வராது, அன்னைக்கு கடை உண்டா இல்லையான்னு முந்துன நாளே மாத்திருங்க, கெட்ட ரிவ்யூக்கும் சண்டை போடாம ரெண்டு வரில பதில் போடுங்க. அப்பறம் உங்கள்ல யாராவது பில்லிங் சாப்ட்வேர்ல ஸ்டாக் தீந்தா வாட்ஸ்அப் கேட்டலாக்லயும் (சரக்கு படத்த அடுக்கி வைக்கிற எடம்) தானா எடுத்துர்ற மாதிரி வச்சிருந்தா எப்டின்னு சொல்லுங்க, இங்க இன்னும் அந்த தம்பி தான் உக்காந்து ஒண்ணொண்ணா அழிச்சுக்கிட்டு இருக்கான்.